மேல்மலையில் பழைய மாஸி 1035: பம்ப் திருகியதில் தொடங்கி டர்போ வரை, பதினொரு வருட அனுபவம்

கொடைக்கானல் மேல்மலையில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் பூண்டுக் காட்டிலிருந்து தார்ரோட்டுக்கு ஏற 1.2 கிலோமீட்டர். பத்தடி போனால் ஓரடி உயரும் ஏற்றம், நடுவில் இரண்டு கொண்டை ஊசி வளைவு. மூட்டைக்கு 50 கிலோ வீதம் நாற்பது மூட்டை, வெறும் டிரெய்லர் ஒரு டன். இந்தப் பாரத்தோடு இந்த ஏற்றத்தை என் மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் எத்தனை நிமிடத்தில் ஏறுகிறது என்று 2015 முதல் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். முதல் வருடம் 12 நிமிடம். இப்போது 8. அந்த நாலு நிமிடம் எப்படிக் குறைந்தது, நடுவில் ஒரு எஞ்சினை எப்படிக் கெடுத்தேன் என்பதுதான் இது.

வண்டி 2014-ல் ஒட்டன்சத்திரத்தில் பழையதாக வாங்கியது. மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின், சுமார் இரண்டரை லிட்டர், 35 எச்.பி. வகை. டர்போ, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, கிடையாது. எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்பும் ரோட்டரி பம்ப், உள்ளே போகும் காற்றின் தூசியை ஆயிலில் பிடிக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனர், பின் டயர் 12.4-28 அளவு, எடை 1,700 கிலோ சொச்சம். விற்றவர் களத்தில் ஓட்டிக் காட்டியபோது ஒரு குறையும் தெரியவில்லை. லாரியில் ஏற்றி மேல்மலைக்குக் கொண்டுவந்து இறக்கி, முதல் பாரம் மாட்டிய அன்றே மூச்சு வாங்கியது. ஹை ஃபர்ஸ்ட் கியரில் ஏறத் தொடங்கும், முதல் வளைவிலேயே சத்தம் இறங்கும், லோ தேர்டுக்குப் போட வேண்டும். இரண்டாவது வளைவில் லோ செகண்ட். பூண்டு நேரத்தில் வடுகபட்டி சந்தைக்குப் போகும் லாரி மேலே ரோட்டில் காத்து நிற்கும். ஒரு நடைக்கு நாலு நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு நடையே குறையும்.

அந்த வருடம் நான் செய்தது, பெரும்பாலும் எல்லோரும் செய்வது. கீழே ஒரு பட்டறையில் பம்பைத் திருகினேன். ரோட்டரி பம்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே டிரைவ் பிளேட்டைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகள். அவற்றைத் தளர்த்தி அட்ஜஸ்டிங் பிளேட்டை மயிரிழை நகர்த்தினால் ஒவ்வொரு அடிக்கும், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலுக்குப் போகும் அளவு கூடும். வேலை பத்து நிமிடம். பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தபோது நிஜமாகவே இழுவை கூடியிருந்தது, சைலன்சரில் லேசாகத்தான் கரும்புகை.

மேலே கொண்டுவந்து பாரம் மாட்டியதும் கரியாகக் கொட்டியது. பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து வந்த ஆட்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். நேரத்தைப் பார்த்தால் 12 நிமிடம் 11½ ஆகியிருந்தது, அவ்வளவுதான். "புகை வந்தால் பவர் வருதுன்னு அர்த்தம்ணே" என்று பட்டறைக்காரத் தம்பி சொன்னதை நம்பி ஒன்பது மாதம் அப்படியே ஓட்டினேன். எஞ்சின் ஆயில் தார் மாதிரிக் கெட்டியானது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுத்தது. கடைசியில் இரண்டாவது சிலிண்டர் தட்ட ஆரம்பித்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் தலையின் ஓரம் உருகி அரித்திருந்தது, ரிங் கரியில் ஒட்டி அசையாமல் கிடந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலையில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் பலர் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

நம் ஊரில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது எல்லா வீட்டிலும் தெரியும். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஏனென்றால் மேலே அழுத்தும் காற்று குறைவு. கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ சொச்சம் இருந்தால் இங்கே ஒரு கிலோ. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் உறிஞ்சுவது அதே கன அளவுதான். ஆனால் அதில் இருக்கும் காற்றின் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பம்புக்கு இது தெரியாது. சமவெளிக்குக் கணக்கிட்ட டீசலை அப்படியே அனுப்பும். எரிக்கக் காற்று இல்லாத டீசல் கரியாக வெளியே போகும், பெரும்பகுதி சைலன்சர் வழியாக, கொஞ்சம் ஆயிலுக்குள். ஆக, திருகுவதற்கு முன்பே என் எஞ்சினுக்கு டீசல் அதிகம், காற்றுதான் பற்றாக்குறை. பசியே இல்லாதவன் வாயில் இன்னும் ரெண்டு கவளம் திணித்த கதை. அந்த அதிகச் சூட்டைத்தான் பிஸ்டன் வாங்கியது.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். வண்டி 1,700 கிலோ, பாரத்தோடு டிரெய்லர் 3,000 கிலோ, மொத்தம் 4,700. பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் பூமி பின்னால் இழுப்பது 470 கிலோ. மண்பாதையில் சக்கரம் உருளுவதற்கு நூற்றுக்கு மூன்று வைத்தால் இன்னொரு 140. கூட்டினால் 610 கிலோ இழுவை. மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 2.8 மீட்டர். ஒரு எச்.பி. என்பது 75 கிலோவை நொடிக்கு ஒரு மீட்டர் தூக்கும் வேலை. 610-ஐ 2.8-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் சக்கரத்தில் 23 எச்.பி. வேண்டும். கியர் பெட்டியிலும் ஆக்சிலிலும் போகும் நஷ்டத்தைச் சேர்த்தால் எஞ்சினில் 27. என் 35 எச்.பி. வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு இந்த உயரத்துக்குப் போனால் மிச்சம் 28. புது எஞ்சினாக இருந்தாலே தட்டுத் தடுமாறித்தான் ஏறும். தேய்ந்த எஞ்சினுக்கு வழியே இல்லை.

2016 கடைசியில் முழு எஞ்சின் வேலை பார்த்தேன். லைனர், பிஸ்டன் செட், பேரிங் எல்லாம் புதிது. பம்பையும் நாசிலையும் டீசல் லேபில் கொடுத்து, டெஸ்ட் பெஞ்சில் கம்பெனி அளவுக்கே காலிபரேஷன் செய்து வாங்கினேன். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வால்வுகளைத் தேய்த்துப் படியவைத்து (லேப் செய்து), இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.30 மில்லிமீட்டர். பம்ப் டைமிங் சரிபார்த்தது.

ஆனால் எனக்கு ஆச்சரியம் தந்தவை இரண்டு சின்ன விஷயங்கள். ஏர் கிளீனர் அடிக்கிண்ணத்தில் ஆயிலே இல்லை, செம்மண் சேறுதான் இருந்தது. முந்தைய உரிமையாளர் எத்தனை வருடம் அதைத் திறக்கவில்லையோ. மேலே இருக்கும் கம்பி வலை முழுக்க அடைப்பு. அதேபோல சைலன்சரைத் தட்டினால் கரி கட்டி கட்டியாக விழுந்தது. உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் இரண்டும் பாதி மூடிக் கிடந்திருக்கின்றன. மலையில் ஏற்கெனவே காற்று குறைவு, அதிலும் பாதியை நாமே மறித்தால் எஞ்சின் என்ன செய்யும்? இன்று யாராவது வண்டி இழுக்கவில்லை என்று வந்தால், முதலில் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன். செலவே இல்லாத வேலை.

வேலை முடிந்து எஞ்சின் பழகியபின் அதே பாரம், அதே ஏற்றம்: ஒன்பதரை நிமிடம். வளைவுகளில் மட்டும் லோ தேர்டுக்கு இறங்க வேண்டியிருந்தது. புகை சாம்பல் நிறம்.

இன்னொரு பாகத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடியல்ல, குக்கர் வெயிட் செய்யும் வேலையைச் செய்கிறது. அதன் ரப்பர் போய்விட்டால் 93 டிகிரியில் கொதி வந்துவிடும். ஏற்றத்தில் கொதித்து நின்ற வண்டிக்கு எஞ்சின் கோளாறு என்று ஹெட்டைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். மூடியை மாற்றியிருந்தால் போதும்.

2018 நவம்பரில் கஜா புயல். நவம்பர் 16-ல் கரையைக் கடந்து எங்கள் மலையையும் புரட்டிப் போட்டது. மேல்மலைச் சாலை முழுக்க மரம். அறுவை மெஷினோடு இளவட்டங்கள் முன்னால் போக, நானும் வண்டியை எடுத்துக்கொண்டு மரம் இழுக்கப் போனேன். இழுவை என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நாலு நாள்தான்.

ஒரு தைல மரத் துண்டு. நான் அவசரத்தில் சங்கிலியைப் பின்னால் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில் (டிராபார்) மாட்டாமல், ஆக்சிலுக்கு மேலே, கலப்பையின் மேல்முனையைப் பிடிக்கும் டாப் லிங்க் இடத்தில் மாட்டிவிட்டேன். கிளட்சை விட்டதும் முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. பக்கத்தில் நின்ற பெரியவர் "காலு, காலு" என்று கத்திய சத்தத்தில் கிளட்சை மிதித்தேன், வண்டி தொப்பென்று விழுந்தது. இன்னும் ஒரு சாண் எழும்பியிருந்தால் கிளட்ச் மிதிக்க நேரம் இருந்திருக்காது, வண்டி பின்பக்கமாக மல்லாந்து என் மேலேயே விழுந்திருக்கும். பின் ஆக்சில் நடுவுக்கு மேலே எந்தக் காரணத்துக்காகவும் இழுவைச் சங்கிலி மாட்டாதீர்கள். எஞ்சின் பவரைக் கூட்ட நினைப்பவர்கள் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும். பவர் கூடினால் அந்த எழும்பலும் வேகமாக நடக்கும்.

இரண்டாவது பாடம் சேறு. மழையில் நனைந்த சரிவில் எஞ்சின் கொஞ்சமும் திணறவில்லை, சக்கரம்தான் நின்ற இடத்தில் சுற்றியது. வீட்டுக்கு வந்து அதற்கும் கணக்கு போட்டேன். பின் ஆக்சில் மேல் வண்டி எடையில் 1,100 கிலோ, டிரெய்லர் மூக்கு அழுத்துவது 400 என்று வைத்தால் 1,500. காய்ந்த கெட்டி மண்ணில் டயர் பிடிப்பு அதில் பாதி, 750 கிலோ. எனக்கு வேண்டியது 610, ஏறிவிடும். ஈரச் சேற்றில் பிடிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, 450 கிலோ. 610-க்கு எங்கே போவது? அன்றைக்கு 35 எச்.பி. எஞ்சினை எடுத்துவிட்டு 60 எச்.பி. வைத்தாலும் குழி ஆழமாகுமே தவிர வண்டி நகராது.

அதனால் அடுத்த வருடம் எஞ்சினைத் தொடவில்லை. பின் டயர்களைப் புதிதாக மாற்றி, வால்வு மட்டம் வரை தண்ணீர் நிரப்பினேன். டயருக்கு 150 லிட்டர் அளவில் பிடிக்கும், இரண்டுக்கும் சேர்த்து 300 கிலோ எடை, சல்லிக்காசு செலவில்லை. முன்பக்கம் வார்ப்பு வெயிட் சேர்த்தேன். காய்ந்த நாளில் நேரம் மாறவில்லை, அதே ஒன்பதரை. ஆனால் மழை நாளில் முன்பு ஏறவே முடியாத பாதையில் இருபத்தைந்து மூட்டையோடு ஏறினேன். என் நோட்டில் இருக்கும் செலவுகளில் காசுக்கு அதிகப் பலன் தந்தது இதுதான் என்று இன்றும் சொல்வேன்.

டர்போ வந்தது 2020-ல். மூன்று சிலிண்டர் டிராக்டர் எஞ்சினுக்கு வரும் சின்ன டர்போ ஒன்று பழையதாகக் கிடைத்தது. லேத் பட்டறையில் புகைக்குழாய்க்குத் தோதான பிளேஞ்ச் கடைந்து, எஞ்சின் ஆயில் லைனிலிருந்து ஒரு குழாய் எடுத்து, திரும்பும் ஆயிலுக்கு எஞ்சின் அடியிலிருக்கும் ஆயில் தொட்டியில் (சம்ப்) துளை போட்டுப் பொருத்தினோம். இரண்டு மீட்டர் வைத்தேன்: ஒன்று டர்போ அழுத்தத்துக்கு, இன்னொன்று புகைச் சூட்டுக்கு. இந்த இரண்டும் இல்லாமல் டர்போ மாட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குவதற்குச் சமம்.

டர்போ கூட்டும் காற்றழுத்தம் 5 பி.எஸ்.ஐ.-க்கு (டயர் காற்றை அளக்கும் அதே அளவு) மேல் போகாதபடி வைத்தேன். ஏன் ஐந்து? கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. எங்கள் உயரத்தில் 11.5 அளவு. ஐந்தைக் கூட்டினால் 16.5. டர்போவில் காற்று சூடாகி விரிவதைக் கழித்தால், ஏறக்குறைய கடற்கரையில் நின்று மூச்சு விடும் காற்று. அதாவது நான் எஞ்சினுக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை, மலை எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்தேன். பம்பைத் தொடவேயில்லை. முன்பு கரும்புகையாகப் போன அதே டீசல் இப்போது உள்ளே எரிகிறது. புகைச் சூடு இரண்டாவது வளைவில்தான் உச்சம், 580 டிகிரி. 650-ஐத் தொட்டால் காலை எடுத்துவிட வேண்டும் என்று ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், இதுவரை தொட்டதில்லை.

நேரம்: 8 நிமிடம், அடியிலிருந்து தார்ரோடு வரை ஹை ஃபர்ஸ்ட்டிலேயே. நடைக்கு டீசல் கால் லிட்டர் போல மிச்சம். புகை இல்லை என்றே சொல்லலாம்.

தொந்தரவும் இருந்தது. முதல் மூன்று மாதம் நீலப்புகை. டர்போ போய்விட்டது என்று பயந்தோம். காரணம் ஆயில் திரும்பும் குழாய்: மெல்லியதாக, நடுவில் ஒரு வளைவோடு போட்டிருந்தோம். அங்கே ஆயில் தேங்கி சீலைத் தாண்டி வந்திருக்கிறது. அகலமான குழாயை நேர்சரிவாகப் போட்டதும் நின்றது. அடுத்து ஆயில் பாத் ஏர் கிளீனர். டர்போ உறிஞ்சும் வேகத்தில் கிண்ணத்து ஆயிலையும் சேர்த்து இழுத்தது. பேப்பர் ஃபில்டருக்கு மாறினேன். ஆயிலை முன்பு 250 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றியவன் இப்போது 150 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஏற்றம் ஏறி வந்ததும் சாவியைத் திருப்பாமல் மூன்று நிமிடம் ஐடிலில் விட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் நின்ற ஆயில் டர்போ பேரிங்கில் கரியாகும். ஆட்களிடம் இதைப் பழக்குவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. 2022-ல் கிளட்ச் பிளேட் மாற்றினேன், வழக்கமாக வருவதற்கு முன்பே வந்த செலவு.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, பதிவு அலுவலகத்தில் கேட்டு, அனுமதி கிடைத்தால் மட்டுமே வேலையைத் தொடங்குங்கள். இன்சூரன்ஸிலும் சொல்லிவிடுங்கள்.

போட்டியைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அக்கா மகன் பஞ்சாபில் நடக்கும் டோச்சன் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஆசையோடு வந்தான். இரண்டு டிராக்டரைப் பின்னுக்குப் பின் சங்கிலியால் கட்டி எதிரெதிராக இழுக்கும் போட்டி அது. வெளிநாட்டில் வேறு விதம்: 100 மீட்டர் தடத்தில் ஒரு சறுக்கு வண்டியை இழுப்பார்கள், போகப் போக அதன் மேலிருக்கும் எடைப் பெட்டி முன்னால் நகர்ந்து பாரம் ஏறிக்கொண்டே வரும். 2023 பொங்கலுக்குக் கீழே ஒரு ஊரில், களத்து மண்ணில் கல் ஏற்றிய டிரெய்லரை யார் அதிக தூரம் இழுப்பது என்று இளவட்டங்கள் வைத்தார்கள்.

"மாமா, பம்பை மட்டும் கொஞ்சம் ஏத்திக்கிறேன். ஒரு நாளைக்குத்தானே."

"மாப்ள, அந்த ஒரு நாளைக்கு நான் ஒன்பது மாசம் அழுதிருக்கேன். பம்ப்ல கை வைக்காம வண்டியை எடுத்துட்டுப் போ."

பம்புக்குப் பதில் எடையைப் பார்த்தோம். டயரில் தண்ணீர் ஏற்கெனவே இருந்தது. டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தோம், பல் நன்றாகப் படியட்டும் என்று. முன் வெயிட்டை முழுதாக மாட்டினோம். கொக்கியை டிராபாரில், ஆக்சில் மட்டத்துக்கு நல்ல கீழே வைத்தோம். முதல் சுற்றில் வழுக்கை டயரோடு வந்த 50 எச்.பி. வண்டி ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு நின்ற இடத்தில் குழி தோண்டியது, நம் வண்டி அதைவிடப் பத்தடி கூடுதலாகப் போனது. அடுத்த சுற்றில் நம் வண்டியைவிட அதிக எடையுள்ள வண்டியிடம் தோற்றோம். அந்த எடையை எச்.பி.யால் வெல்ல முடியாது. அன்று எல்லா வண்டியிலும் நான் கவனித்தது இதுதான்: தோற்றவற்றில் பெரும்பாலானவை சக்கரம் சுற்றித்தான் தோற்றன, எஞ்சின் அமர்ந்து தோற்றது ஒன்றோ இரண்டோ. சங்கிலியின் நேருக்கு நேர் ஆட்கள் நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. அறுந்தால் உயிர் போகும். போட்டி நடத்துபவர்கள் முதலில் ஆட்களை இரண்டு பக்கமும் விலக்கி நிறுத்த வேண்டும்.

பிரேக்கை விட்டுவிட்டேன். ஏற்றம் ஏற ஆசைப்படுகிறோம், அதே பாதையில் உரமூட்டையோடு இறங்கவும் வேண்டும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லை, மூன்று டன்னையும் டிராக்டர்தான் தாங்குகிறது. டர்போ மாட்டிய அதே வாரம் பிரேக் ஷூ இரண்டு பக்கமும் மாற்றினேன். ரோட்டில் இறங்கும்போது இரண்டு பெடலையும் கொக்கி போட்டு ஒன்றாக்காமல் யாரையும் ஓட்ட விடுவதில்லை. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வளைவில் டிரெய்லர் வண்டியைத் தள்ளித் திருப்பிவிடும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், கிளட்சில் கால் வைக்கக் கூடாது. வண்டி சுலபமாக ஏறப் பழகியபின் ஆட்கள் கூடுதலாகப் பத்து மூட்டை ஏற்றப் பார்க்கிறார்கள். அதற்கு மட்டும் நான் சம்மதிப்பதில்லை, நாற்பது என்றால் நாற்பது.

டர்போ மாட்டி இதுவரை 1,700 மணி நேரம் ஓடியிருக்கிறது. பின் பக்க ஆயில் சீல் லேசாகக் கசிகிறது, ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கிறது, மார்கழி உறைபனியிலும் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொள்கிறது. இந்தப் போகம் பூண்டு எடுத்து முடித்ததும் ஹெட்டைக் கழற்றி, மூன்று பிஸ்டன் தலையையும் ரிங் இடைவெளியையும் அளந்து பார்க்கப் போகிறேன். இரண்டாவது சிலிண்டரைத்தான் முதலில் பார்ப்பேன்.